மூன்றாவது ஆணி

1

போன வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். யாங்கோனில் மழைக்காலம் முடியும்போது சுவரெல்லாம் பச்சை பூத்துப்போய் நிற்கும். சுரண்டி எடுத்து வெள்ளை அடித்தால்தான் வீடு வீடாகத் தெரியும். நாங்கள் இருப்பது போட்டாதாங்கில், ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடி. ஆற்றுக்காற்றும் வரும், அதன் ஈரமும் கூடவே வரும்.

சுண்ணாம்புக்காரர் கோ வின், கூடத்துச் சுவரில் தொங்கிய இரண்டு படங்களை இறக்கிக் கட்டிலில் வைத்தார். இரண்டும் கோட்டுப் போட்ட ஆப்பிரிக்கப் பெரியவர்களின் படங்கள். ஒருவருக்கு நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி. இன்னொருவர் நன்றாகச் சிரைத்த முகம், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. கோ வின் அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நானும் கறுப்புத்தான். ஏதோ கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

"சயா, இவங்க உங்க சொந்தக்காரங்களா?" என்று பர்மியில் கேட்டார். சயா என்றால் இங்கே வாத்தியாரும் ஐயாவும் ஒன்றாகச் சேர்ந்த மரியாதை.

"ஜனாதிபதிங்க" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் பதவிப் பெயர் காதில் விழுந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். கொஞ்ச நேரம் சுவரைச் சுரண்டிவிட்டு, "அப்ப ஆணிய என்ன செய்ய? பிடுங்கிடவா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு பேர் இல்லையென்றால் என் மகள் பரீதா இன்று நர்ஸ் இல்லை. அதை ஏணியில் நிற்கிற ஒரு மனிதருக்கு இரண்டு வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். தொண்டிக்காரர்கள் சாவகாசமாகப் படிப்பீர்கள்.

2

நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக ஒரு குடியரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் உங்களில் ஒருவர் எங்காவது தேடிப் பார்த்து, "அந்த வருஷம் அவர் அங்கே இல்லையே" என்று கடிதம் போடுவீர்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியாதா?

யாங்கோன் வருவதற்கு முன்னால் பதின்மூன்று வருடம் அங்கே இருந்தேன். துறைமுகப் பட்டணத்தில் ஒரு குஜராத்தி சேட்டின் பருப்பு மண்டியில் வேலை. அந்த நாட்டில் துவரை அமோகமாக விளையும். மூட்டையில் குத்தூசியைச் செருகி, வருகிற மணியைக் கையில் கொட்டிப் பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இன்றைக்கும் அதுதான். நாடு மாறினாலும் குத்தூசி மாறவில்லை.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கடையானாலும் சுவரில் ஜனாதிபதியின் படம் இருக்க வேண்டும். அதற்கு மேலே வேறு எந்தப் படமும் இருக்கக் கூடாது. சேட் தன் லட்சுமி காலண்டரை ஒரு சாண் கீழே இறக்கி மாட்டியிருந்தார். "அம்மா தப்பா நினைக்க மாட்டா. லைசென்ஸ்காரன்தான் நினைப்பான்" என்பார். லைசென்ஸ் பரிசோதகர் உள்ளே வந்தால் தராசைப் பார்க்குமுன் சுவரைத்தான் பார்ப்பார். பதின்மூன்று வருடத்தில் அந்தப் படம் என் கண்ணுக்கு ஜன்னல் மாதிரிப் பழகிப்போனது. தாடிக்காரப் பெரியவர், மூக்குக் கண்ணாடி, சிரிக்கவும் சிரிக்காத, முறைக்கவும் முறைக்காத ஒரு பார்வை.

அந்தப் பெரியவரை நேரிலும் ஒரு தடவை பார்த்தேன். சுற்றுப்பயணமாக எங்கள் சந்தைக்கு வந்தார். கூட்டமும் போலீசும் தெருவை அடைத்து நிற்க, அவர் பாட்டுக்கு எங்கள் மண்டிக்குள் நுழைந்துவிட்டார். சேட்டுக்குக் கைகால் ஓடவில்லை. பெரியவர் திறந்த மூட்டையில் கையை விட்டுத் துவரையை அள்ளினார்.

"இது எத்தனை மாதப் பயிர்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆறு மாதம், ஐயா. மண் சுமாராக இருந்தாலும் வரும்."

"எனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நேரம் கிடைத்தால் போட வேண்டும்." அப்புறம் சுவரில் இருந்த தன் படத்தைக் கண்ணால் காட்டிக் குரலைக் குறைத்தார். "அவரிடம் சொல்லிவிடாதே. வேலையை விட்டுவிட்டு விவசாயம் பேசினேன் என்று கோபித்துக்கொள்வார்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதே வருடம்தான் அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பரீதா பிறந்தாள். என் மனைவி ஜுலைகாவுக்குப் பிரசவம் சிக்கலாகி இரண்டு நாள் போராட்டம். தாயும் மகளும் பிழைத்தது அங்கிருந்த ஒரு நர்ஸ் அம்மாளால். அந்த அம்மாள் வீட்டுக்கே போகாமல் இரண்டு நாளும் கூடவே இருந்தார். எங்களிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஜுலைகா இன்றைக்கும் ஐந்து வேளைத் தொழுகையில் அந்த அம்மாளுக்குத் துஆ கேட்கிறாள். பெயர்தான் மறந்துபோய்விட்டது, "அல்லாவுக்குத் தெரியும்" என்பாள்.

3

தொண்ணூற்று மூன்றில் சேட் மண்டியை மூடினார். பர்மாவில் பருப்பு ஏற்றுமதி திறந்துவிட்ட நேரம் அது. உளுந்துக்கு இங்கே மாட்பே என்று பெயர். அதைத் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு வியாபாரி கூப்பிட்டார், வந்தோம்.

மண்டியைக் காலி செய்தபோது எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, அந்தப் படத்துக்கு மட்டும் இல்லை. ஜனாதிபதி படத்தைக் குப்பையில் போட முடியாது. எரித்தால் குற்றம், விற்றாலும் குற்றம். சேட் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "நீ கப்பல் ஏறப் போறவன். நீயே கொண்டுபோ" என்று என் தலையில் கட்டினார்.

இங்கே வந்து வீடு பிடித்த முதல் நாள், வெறும் சுவரைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த நிமிஷமும் லைசென்ஸ்காரர் வந்துவிடுவார் போல் ஒரு பதைப்பு. ஜுலைகா பெட்டியைப் பிரிக்கும் முன்னால் நான் ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, அவரு இங்க வந்து யாரு மேல வழக்குப் போடப் போறாரு?"

"இருக்கட்டும்" என்றேன். அதற்கு அப்புறம்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாக்கும் அப்படித்தான் பழைய நாட்டிலேயே இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கொடுத்தால், இந்த ஊர் வழக்கத்தில் நன்றி சொல்வதற்குப் பதிலாக "அசாந்தே" என்பேன். அது அந்த நாட்டு நன்றி. அவர் நான் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வதாக நினைத்து யோசிப்பார். ஆறு மாதம் நான் போகிற நிறுத்தம் அவருக்குப் பிடிபடவில்லை.

கீழ்த்தளத்தில் இருக்கும் டோ டின்தான் இந்த வீட்டுச் சொந்தக்காரர். டோ என்பது இங்கே வயதில் மூத்த பெண்களுக்குப் பெயருக்கு முன்னால் வரும் மரியாதை. காலையில் வாசலில் மோஹிங்கா விற்பார், மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மேலே வந்தவர் படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த பெரியவர் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். இங்கே ஆசிரியரைப் புத்தருக்கு அடுத்த இடத்தில் வைப்பார்கள். மறுநாள் ஒரு கண்ணாடி டம்ளரில் மல்லிகையோடு வந்து படத்துக்குக் கீழே வைக்கப் போனார்.

ஜுலைகா திடுக்கிட்டுப் போனாள். நம் வீட்டில் படத்துக்குப் பூ வைப்பதா? வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரர் மனம் நோகும். கடைசியில் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். டம்ளரைப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்து, "காத்துல வாசனை நல்லா வரும்" என்றாள். அன்றிலிருந்து டோ டின் வாரம் ஒரு டம்ளர் கொண்டு வருவார். அவர் கணக்கில் பூ பெரியவருக்கு, எங்கள் கணக்கில் ஜன்னலுக்கு. இத்தனை வருடத்தில் சண்டை வந்ததில்லை.

பரீதாவுக்கு அந்தப் படம் "போ போ" ஆகிவிட்டது. பர்மியில் தாத்தா என்று அர்த்தம். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், சண்டை, சிரிப்பு எல்லாமே அவளுக்குப் பர்மிதான். கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு படியேறி வந்தால் நம் பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பர்மியில் பதில் சொல்வாள். இப்படியே போனால் ஊருக்கும் இவளுக்கும் என்ன ஒட்டு இருக்கும் என்று நான் புலம்பாத நாளில்லை. ஒன்றில் மட்டும் அவள் சின்ன வயதிலிருந்தே மாறவில்லை, "நா நர்ஸுக்குத்தான் படிப்பேன்." தான் பிறந்த கதையை உம்மா வாயால் அத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

4

பதினெட்டு வயதில் அவளுக்கு மதுரையில் நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜுலைகாவின் தம்பி அலைந்து வாங்கிக் கொடுத்த இடம். அதுவரை பரீதா தாயின் பாஸ்போர்ட்டில்தான் இருந்தாள். இனித் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் தகரப் பெட்டியில் இருந்தது. தகரப் பெட்டி ஜன்னலுக்குக் கீழே இருந்தது. "அங்க சாரல் அடிக்கும், பெட்டிய நகத்துங்க" என்று ஜுலைகா எத்தனையோ மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நகர்த்தலாம், நகர்த்தலாம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தபோது அடியில் இருந்த காகிதமெல்லாம் ஊறி, உலர்ந்து, பூஞ்சை பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. சான்றிதழ் இருந்த இடத்தில் ஊதா மை மட்டும் கறையாகத் தெரிந்தது. ஜுலைகா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் எடுத்து வெயில் பட வைத்தாள்.

இந்தியத் தூதரகத்தில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். "பிறந்த நாட்டுல இருந்து நகல் வாங்கிட்டு வாங்க, பாய். அது இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் அங்கிருந்தவர். விதி அப்படி. அவள் பிறந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன், நகராட்சிக்கு எழுதினேன், மறுபடியும் நகராட்சிக்கு எழுதினேன். பதில் இல்லை. பழைய சிநேகிதர்கள் யாரும் அங்கே இல்லை, சேட்டும் வயதாகி மௌத்தாகிவிட்டதாகத் தகவல். கல்லூரியில் நான்கு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு மாதம் போய்விட்டது.

பரீதா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பர்மியில் சொன்னாள். "பரவாயில்ல வாப்பா. நா இங்கயே ஏதாவது கடையில வேலைக்குப் போறேன்." பரவாயில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5

அப்போது எனக்குள் இருந்த தொண்டிக்காரன் முழித்துக்கொண்டான். நம் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாருக்கு எழுதுவோம்? பஞ்சாயத்துக்கா எழுதுவோம்? நேரே முதலமைச்சருக்கு, நகல் பிரதமருக்கு, நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை மனு நாளில் ராமநாதபுரத்தில் வரிசையில் நின்றவன் நான். பெரிய இடத்துக்கு எழுதினால்தான் சின்ன இடத்தில் வேலை நடக்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். தாடிக்காரப் பெரியவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் டைப் அடிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் முருகையா. மூன்று தலைமுறையாகப் பர்மாவில் இருக்கும் நம் ஆள், தினம் தன்லியினிலிருந்து டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"பாய், நா வார்டு ஆபீசுக்கு எழுதணும்னாலே மூணு தடவ யோசிப்பேன். நீங்க ஜனாதிபதிக்கே எழுதணுங்கிறீங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா?"

"இங்க இல்லய்யா, அது வேற நாடு."

"வேற நாடுன்னாலும் ஜனாதிபதி ஜனாதிபதிதானே?" என்று முணுமுணுத்துக்கொண்டே காகிதத்தைச் செருகினார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் அடித்தார். பெரியவர் பெயரை முழுசாகப் போட்டு, பட்டங்களெல்லாம் சேர்த்து, எங்கள் மண்டிக்கு வந்து துவரையை அள்ளிய நாளை நினைவுபடுத்தினேன். இன்றும் தங்கள் படத்தை என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். மகள் பிறந்த நாள், ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னேன். தங்கள் நாட்டு நர்ஸ் ஒருவர் காப்பாற்றிய குழந்தை இன்று நர்ஸாக நினைக்கிறாள், ஒரு காகிதத்துக்காக நிற்கிறாள் என்று சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முருகையா தன் டம்ளர்த் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"முடிவுல ஒரு வாழ்த்து போடணும் பாய். அப்பத்தான் மனு மாதிரி இருக்கும்."

போட்டோம். தாங்களே இன்னும் நூறாண்டு அந்த நாற்காலியில் இருந்து ஆள வேண்டும், தங்களைத் தவிர வேறொருவரை அங்கே எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை என்று போட்டோம். நல்ல வரி என்று இரண்டு பேருக்கும் திருப்தி.

"ஜனாதிபதிக்கு வேற வேலை இல்லையா வாப்பா?" என்று பரீதா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பதிவுத் தபாலில் போட நான் கிளம்பியபோது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

6

பத்து வாரம் கழித்துத் தபாலாபீசிலிருந்து சீட்டு வந்தது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தடித்த உறை, பின்னால் அரக்கு நிறத்தில் அந்த நாட்டு அரசு முத்திரை. வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் நேரே முருகையாவிடம் போனேன்.

அவர் பிரித்துப் படித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். எழுதியிருந்தவர் ஜனாதிபதி அலுவலகத்தின் செயலாளர்.

"தாங்கள் பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கும் பெரியவர் தம் பதவிக்காலம் முடிந்து, சில வருடங்களுக்கு முன் தம் பண்ணைக்குத் திரும்பிவிட்டார்."

முருகையா நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பத்து வருடமாக இங்கே உட்கார்ந்துகொண்டு உளுந்து விலையைத் தவிர ஒரு செய்தியும் கேளாமல் இருந்திருக்கிறேன்! நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருடைய அலுவலகத்துக்கே, பழையவர்தான் நூறாண்டு ஆள வேண்டும், வேறொருவரை நினைத்தும் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறேன். நம் ஊரில் ஆட்சி மாறிய பிறகு பழைய ஆளை வாழ்த்தி ஒரு மனுக் கொடுத்துப் பாருங்கள், அந்த மனு எந்தக் கூடைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பரீதாவின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கடைசி வரைக்கும் படிச்சிருவோம் பாய்" என்றார் முருகையா. அவர் குரலும் சரியாக இல்லை.

"அவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். தாங்கள் அனுப்பிய வாழ்த்தின் நகல் அவருடைய வீட்டு முகவரிக்கு அனுப்பி வைக்கப்பட்டிருக்கிறது. தங்கள் மனு இந்த அலுவலகத்துக்கு வந்திருப்பதால் இங்கேயே கவனிக்கப்பட்டது. தங்கள் மகளின் பிறப்புப் பதிவின் சான்றிட்ட நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் சுவருக்காக, இப்போதைய ஜனாதிபதியின் படம் ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மகளின் படிப்பு நல்லபடி நடக்க வாழ்த்துகள்."

உறைக்குள்ளிருந்து சான்றிதழ் வந்தது. பெயர், தேதி, தாய், தகப்பன் எல்லாம் சரியாக இருந்தன. நடைபாதை என்றும் பாராமல் நான் அழுதுவிட்டேன். முருகையா மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்து நின்றவரை அப்புறம் வரச் சொல்லிக் கை காட்டினார்.

7

சான்றிதழைப் பார்த்து ஜுலைகா அந்த இடத்திலேயே சுஜூதில் விழுந்து நெற்றியைத் தரையில் வைத்தாள். பரீதா அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிப் போய் டோ டின்னிடம் காட்டினாள். டோ டின் மேலே வந்தார். சான்றிதழைப் பற்றிச் சந்தோஷப்பட்டார், பரீதாவின் தலையைத் தடவினார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது கடிதம்தான். பரீதா பர்மியில் படித்துச் சொன்னாள்.

டோ டின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். இந்த ஊரில் நாற்காலியை விட்டு இறங்கினவர்களைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

"அந்தப் பெரியவரு இப்ப வீட்டுல இருக்காரா? அவரு வீட்டுலயே?"

"ஆமா, பண்ணையில."

"காவல் எதுவும்?"

"அப்படி ஒண்ணும் எழுதல."

"புதுசா வந்தவரு ஆபீஸ்லருந்தா, பழையவரு நல்லாயிருக்காருன்னு எழுதியிருக்காங்க?"

"ஆமா."

"அந்த இடத்த மறுபடியும் படி" என்று பரீதாவிடம் சொன்னார். அவள் படித்தாள். டோ டின் மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து கீழே போனார். மறுநாள் காலையில் ஜன்னல் கட்டையில் இரண்டு டம்ளர் பூ இருந்தது. நான் இரண்டாவது ஆணியை அடித்தேன். பழையவரை இறக்க மனம் வரவில்லை, பக்கத்திலேயே புதியவரை மாட்டினேன். அந்த நாட்டுச் சட்டப்படி அது தப்பாகக்கூட இருக்கலாம்.

பரீதா மதுரைக்குப் போன பிறகு ஒரு நாள் ஒரு அஞ்சலட்டை வந்தது. நடுங்கும் கையெழுத்து, நாலே வரி. "உங்கள் வாழ்த்து கிடைத்தது. நூறாண்டு வேண்டாம் நண்பரே, ஆண்டது போதும். துவரை போட்டிருக்கிறேன். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது."

அதை நான் தகரப் பெட்டியில் வைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தச் சான்றிதழ் வந்த தேதியில் முருகையாவிடம் போவேன். ஒரு நன்றிக் கடிதம். முதல் வருடம் அவர் காகிதத்தைச் செருகிவிட்டு, "இப்ப இருக்கிறவரு பேரு என்ன பாய்?" என்று கேட்டார். "பேரு வேணாம். ஜனாதிபதி அவர்களுக்குன்னு மட்டும் போடுங்க" என்றேன். யார் இருந்தாலும் போய்ச் சேரட்டும். முருகையா அடித்து முடித்ததும் கார்பன் நகல் ஒன்றைத் தனக்கென்று எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கியதில்லை.

"எங்கிட்ட வர்ற மனுவுல எதுவுமே கேக்காத மனு இது ஒண்ணுதான் பாய்" என்பார்.

8

பரீதா இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். இப்போது நான் பர்மிச் சொல்லைக் கலந்து பேசினால் அவள் திருத்துகிறாள். "வாப்பா, அப்படிச் சொன்னா இங்க யாருக்கும் வெளங்காது" என்கிறாள், சுத்தமான மதுரைத் தமிழில். ஊருக்கும் இவளுக்கும் ஒட்டு இருக்குமா என்று புலம்பியவன் நான். இப்போது ஊருக்கும் எனக்கும் அவள்தான் ஒட்டு.

போன வாரம் ஞாயிறு அன்று அவள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். கம்ப்யூட்டரில் பார்த்தாளாம்.

"வாப்பா, உங்க ரெண்டாவது ஆளும் வீட்டுக்குப் போயிட்டாரு. காலம் முடிஞ்சுதாம். தேர்தல் நடந்து வேற ஒருத்தரு வந்திருக்காரு."

"நல்லாயிருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காரு. சிரிச்சுக்கிட்டே கைகுடுக்கிற மாதிரி படம் போட்டிருக்காங்க. இந்த வருஷம் நன்றிக் கடுதாசிய நா எழுதுறேன் வாப்பா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. ஒங்க டைப்புக்கார மாமா கிட்ட சொல்லிருங்க, நூறாண்டெல்லாம் போட வேணாம்னு."

மறுநாள்தான் சுண்ணாம்பு அடிக்கக் கோ வின் வந்தார், ஆணியைப் பிடுங்கவா என்று கேட்டார், நான் பதில் தெரியாமல் நின்றேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அப்போது டோ டின் பூ டம்ளர்களோடு படியேறி வந்துகொண்டிருந்தார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியிலும் நின்றுதான் வருவார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"பிடுங்காதே" என்றார் கோ வின்னிடம். "பக்கத்துல இன்னொண்ணு அடி."

பரீதா சொன்ன செய்தியை ஜுலைகா அவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"யாருக்கு, அம்மே?" என்று கேட்டார் கோ வின்.

"புதுசா வந்திருக்கிறவருக்கு."

"யாரு அவரு?"

"எனக்கென்ன தெரியும்? பேருகூடத் தெரியாது." டோ டின் டம்ளர்களை ஜன்னல் கட்டையில் வைத்தார். "ஆனா அவருக்கு முன்னாடி இருந்தவரு வீட்டுல நல்லாயிருக்காரு. அதுக்கு முன்னாடி இருந்தவரு துவரை போட்டிருக்காரு."

கதவு திறந்திருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது. இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சைப் பேசும்போது டோ டின் குரலைத் தாழ்த்தாமல் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கோ வின் ஏணியில் ஒரு படி ஏறினார். அப்புறம் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, இரண்டாவது ஆணிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்து அடிக்க ஆரம்பித்தார்.